சோடா கடை எந்தப் பக்கம்

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் பனி. பத்து மணிக்கு மேல்தான் வெயில் தலைகாட்டியது. தொட்டி நிரப்பியாயிற்று. கேஸ் புக் செய்ய வேண்டும். அரை லிட்டர் பால் போதும் என்று பால்காரரிடம் மறுபடி சொல்ல வேண்டும். சரோஜா ஊரில் இல்லை, பெண்ணின் பிரசவத்துக்கு டொராண்டோ போயிருக்கிறாள் என்று எத்தனை தடவை சொன்னாலும் ஒரு லிட்டர் வைத்துவிட்டுப் போகிறார். மிச்சம் முழுக்கத் தயிர். தயிரை யார் சாப்பிடுவது?

வாக்கிங் தனியாக. பழனி வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மாவு மில் ஷட்டர் இன்றைக்கும் கீழே. நான் தாண்டிப் போகிற நேரமாகப் பார்த்து வேண்டுமென்றே சாத்தி வைக்கிறான். அறுபத்தாறு வயதில் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்துகிற ஆள்! ஐந்தாம் கிளாசில் பென்சிலைப் பிடுங்கினாலும் இப்படித்தான், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அவன் அப்பா ராமாபுரத்திலிருந்து மைசூருக்கு வந்து இந்த ரோட்டில் மில் வைத்தவர். முன்பக்கம் மில், பின்பக்கம் வீடு. நாங்கள் பக்கத்துத் தெரு ரயில்வே குவார்ட்டர்ஸ். கிளாசில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அப்படி ஒட்டிக்கொண்டது.

சண்டை எதற்கு என்று யாராவது கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கும். இங்கே எழுதலாம்.

நான் ரிடையர் ஆனதிலிருந்து தினமும் இரண்டு பேரும் நடக்கிறோம். சர்க்கிளில் ஆரம்பித்து ரயில்வே கேட் வரை. நடந்துகொண்டே, இந்த ரோட்டில் முன்பு இருந்து இப்போது இல்லாத கடைகளைச் சொல்ல வேண்டும். அந்தந்த வாசல் வரும்போது சொல்ல வேண்டும். ஒன்று அவன், அடுத்தது நான். நடக்கிற கடையைச் சொல்லக் கூடாது, மூடின கடை மட்டும். ஒருத்தன் விட்டுவிட்டால் மற்றவன் "நில்லு" என்பான். திரும்பி வந்து, அந்த வாசலில் நின்று, சொல்லிவிட்டுத்தான் மேலே நடக்க வேண்டும். ரீபோக் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்து ஒதுங்கிப் போவார்கள்.

வரிசை இது:
அவன் – வாடகை சைக்கிள். (இப்போது செருப்பு ஷோரூம்)
நான் – லட்சுமி டைப்ரைட்டிங். (பல் ஆஸ்பத்திரி)
அவன் – ஊதுபத்திக் கிடங்கு. (லேடீஸ் பி.ஜி.)
நான் – மரக்கடை. (கார் கழுவுகிற இடம்)
அவன் – தியேட்டர். (பெரிய பள்ளம், சுற்றித் தகரம்)
நான் – சோடா கடை.

இங்கேதான் தகராறு. அவன் தியேட்டர் என்று சொன்னதும் நான் "நில்லு, சோடா கடையை விட்டுட்டே" என்பேன். என் கணக்கில் சோடா கடை தியேட்டருக்கு முன்னால், சர்க்கிள் பக்கம். அவன் கணக்கில் தியேட்டரைத் தாண்டி, கேட் பக்கம். இத்தனை வருஷமாக இது தினசரிச் சண்டை. காபி குடிக்கப் போகிற வரைக்கும் ஓடும், அதோடு முடியும். எனக்கு அது இல்லாவிட்டால் காபி இறங்காது.

போன வாரம் அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

"டிக்கெட் கியூவுல நின்னுக்கிட்டே கைய நீட்டி சோடா வாங்கினோமே, கியூ சர்க்கிள் பக்கம்தானே நிக்கும்?"

"அது பால்கனி கியூடா. பெஞ்சு டிக்கெட் தியேட்டருக்கு அக்கட்டால, ரயில்வே கேட்டுப் பக்கம். நாம என்னைக்குடா பால்கனி போனோம்?"

"உன் மண்டைக்குள்ள இருக்கறது மூளையே இல்ல. ராகி மாவு."

இதுவும் தினமும் சொல்வதுதான். தினமும் சிரிப்பான். அன்றைக்கு நடு ரோட்டில் நின்றுவிட்டான்.

"உனக்குப் போனது மட்டுந்தான் கண்ணுல படும். இருக்கறது படாது. இனி நீயே சொல்லிக்கிட்டு நட."

திரும்பிப் போய்விட்டான். நான் காபி குடிக்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

கேஸ் புக் செய்தாயிற்று. பால் மறுபடி ஒரு லிட்டர்.

தனியாக நடக்கிறபோது இரண்டு பேர் முறையையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. வாய்விட்டுச் சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று மனசுக்குள் சொன்னேன். பி.ஜி. வாசலில் ஒரு பெண் ஊர்க்கோடி ஹெப்பாள் ஐ.டி. கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். காதில் கம்பி, வாய்விட்டுப் பேசுகிறாள், எதிரில் யாரும் இல்லை. அவளை யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. நாளையிலிருந்து நானும் காதில் எதையாவது மாட்டிக்கொள்ளலாம்.

சோடா கடை எந்தப் பக்கம் என்று வேறு யாரிடம் கேட்கலாம் என்று யோசித்தேன்.
1. டைப்ரைட்டிங் டீச்சர். காலமாகிவிட்டார்.
2. தியேட்டர் மானேஜர். பெங்களூரில் மகனோடு என்று கேள்வி. நம்பர் தெரியாது.
3. சோடா கடைக்காரர். குடும்பமே எங்கே போயிற்று என்று தெரியவில்லை.
4. பழனி.

பல் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற பெண்ணிடம் கேட்டுப் பார்த்தேன், கன்னடத்தில். எங்கே போனாலும் "அங்கிள்" தான் நான். "சோடாவா அங்கிள்? எதிர்ல சூப்பர் மார்க்கெட்ல சிகுத்தே." கிடைக்கும் என்கிறாள். கிடைக்கும்தான்.

சாப்பாடு: சாதம், ரசம், அப்பளம், தயிர். ராத்திரிக்கும் அதே.

நவம்பர் 7, வெள்ளி

சரோஜாவிடம் வீடியோ. எனக்குக் காலை, அவளுக்கு முந்தின நாள் சாயங்காலம். மூத்த பேரன் திரைக்கு ரொம்பக் கிட்டே வந்து மூக்கை மட்டும் காட்டினான். அங்கே இன்னும் குளிர் ஏறவில்லையாம். அவள் இங்கே வந்த பிறகு பெண் வேலைக்குப் போக வேண்டுமாம், குழந்தையை யார் பார்ப்பார்கள், அதனால் உகாதி வரைக்கும் இருக்கலாமா என்று பேச்சு. பொங்கலுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவள். "இருந்துட்டு வா" என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? சொன்ன பிறகு கொஞ்ச நேரம் ஹாலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவளிடம் சொல்ல முடியாது, பெண்ணிடமும் முடியாது. பழனியிடம் சொல்லியிருப்பேன்.

சண்டையைப் பற்றி அவளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அதுக்கா ரெண்டு கிழங்களும் பேசிக்கலை? போன் பண்ண வேண்டியதுதானே?"

"அவன் பண்ணட்டும்."

"நம்ம கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்புக் கார் அந்த ரோட்டுலதானே வந்தது? ஆல்பத்தை எடுத்துப் பாருங்க. பின்னாடி கடைங்க விழுந்திருக்கும். பீரோவுல, அடித்தட்டுல, பட்டுப் புடவைக்குக் கீழ. புடவைய கலைச்சுடாதீங்க."

இத்தனை வருஷமாக இது எனக்குத் தோன்றவில்லை. எனக்கு மூளைதானா இல்லை ராகி மாவா என்று பழனி கேட்பான்.

நவம்பர் 9, ஞாயிறு

தூறல். தமிழ்நாட்டுப் பக்கம் புயலாம். துவைத்தது எதுவும் காயவில்லை.

ஆல்பம் கிடைத்தது. புடவை கலைந்தது. மடித்து வைத்தேன், பழைய மாதிரி வரவில்லை.

மாப்பிள்ளை அழைப்புப் படம் மூன்று. திறந்த கார், கழுத்து நிறைய மாலை, கோட்டு, மீசை, எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை. கோயிலிலிருந்து சத்திரம் வரைக்கும் கார் ஊர்ந்து வந்தது. தியேட்டர் எதிரில் சாயங்கால ஷோ விட்ட கூட்டம். கார் நகர முடியாமல் நின்றது. படம் எடுக்கிறவர் சோடாப் பெட்டி மேலே ஏறி நின்றுகொண்டு எடுத்தார். அந்தப் படத்தை எல்லாரும் மாப்பிள்ளைக்காகத்தான் பார்த்திருப்பார்கள். நான் இன்றைக்கு என் தலையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பின்னால் பார்த்தேன். பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடி வைத்து.

இடது ஓரம் தியேட்டர் தூண், பாதி போஸ்டர். அதற்கு வலது பக்கம், என் காதுக்கு மேலே, சோடா கடைப் பலகை. கன்னட எழுத்து, தெளிவாகவே இருக்கிறது. தியேட்டரைப் பார்த்து நின்றால் வலது பக்கம் ரயில்வே கேட். ஆக, கேட் பக்கம்.

அவன் சொன்னதுதான் சரி.

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு பழனியும் படத்தில் இருக்கிறான். வாய் திறந்திருக்கிறது. நாயனக்காரரோடு என்னவோ வாக்குவாதம். கல்யாணத்தன்றும் விடவில்லை. சரோஜா படத்தில் கிடையாது, சத்திரத்தில் காத்துக்கொண்டிருந்தாள். அலங்காரத்தில் தூங்கிப்போய்விட்டதாகப் பிற்பாடு சொன்னாள்.

தோற்றுப்போனதில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்து பார்த்ததில்லை. நேரே போகலாம், படத்தை நீட்டலாம், "நீதான்டா ஜெயிச்சே" என்று சொல்லலாம். குறைந்தது ஒரு மாதத்துக்கு என்னைச் சும்மா விடமாட்டான். கேட்டுக்கொள்ளலாம். மழை விடட்டும்.

நவம்பர் 12, புதன்

மழை விட்டது. படத்தை ஆல்பத்திலிருந்து பிரித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, துணிப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். நல்ல சட்டை.

ஷட்டர் கீழே. தட்டினேன். மேலே பார்த்தால் பலகை இல்லை. பலகை இருந்த இடம் மட்டும் சுவரில் வெள்ளையாக. பக்கத்து டீக்கடைக்காரர் மஞ்சு வெளியே வந்தார்.

"சார், அண்ணா இல்லை. ஹெப்பாள் போயிட்டாரு, மகன் மனேக்கு. நிமகே கொத்தில்வா?"

எனக்குத் தெரியாது என்றேன். அவருக்கு நம்ப முடியவில்லை. தினமும் சேர்ந்து நடக்கிறவர்களாயிற்றே.

"மில்லு, வீடு எல்லாம் வித்தாச்சு சார். ஹோட்டல் வருதாம். நீங்க ரெண்டு பேரும் கடைசியா நடந்து வந்தீங்க பாருங்க, அன்னைக்குத்தான் ரிஜிஸ்டர் ஆபீஸ். அடுத்த வாரம் ஜேசிபி."

டீ கொடுத்தார். குடித்தேன். சர்க்கரை அதிகம், சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கோபம்தான் முதலில். அறுபது வருஷ சிநேகிதம். வீட்டை விற்கிறான், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. டீக்கடை மஞ்சுவுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. அவன் மனைவி போனபோது பதிமூன்று நாளும் அந்த வீட்டில்தான் இருந்தேன். நான் யார் அவனுக்கு?

பிறகு கோபமும் போய்விட்டது. தினமும் சாத்தின ஷட்டரைப் பார்த்து, எனக்காகத்தான் சாத்தியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு நடந்தேனே, அதை நினைத்தேன். பின்னால் ஆளே இல்லை.

நவம்பர் 13, வியாழன்

போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"வாடா" என்றான். அவ்வளவுதான். எப்படி இருக்கிறாய் என்று நானும் கேட்கவில்லை. சனிக்கிழமை வருகிறேன் என்றேன். "பஸ்ஸுல வா, ஆட்டோக்காரன் சுத்துவான்" என்றான்.

மின்சார பில் கட்டினேன். பால் அரை லிட்டர்! கடைசியில் ஏறிவிட்டது போல. தயிர் இல்லாத நாள்.

நவம்பர் 15, சனி

ஹெப்பாள் போய் வந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஐ.டி. கம்பெனிகளுக்கு இன்று லீவு.

பெரிய அபார்ட்மெண்ட். கேட்டில் எந்த டவர், எந்த ஃபிளாட், யாரைப் பார்க்க வேண்டும், போனுக்கு நம்பர் வரும் அதைச் சொல்லுங்கள் என்று ஒரு பாடு. ஒன்பதாவது மாடி. பேத்தி கதவைத் திறந்து, உள்ளே பார்த்து, "தாத்தா, நிம் ஃப்ரெண்ட் பந்தரு" என்று நான் வந்ததைக் கத்திச் சொல்லிவிட்டு ஓடிவிட்டது. தமிழ் புரியும், பேச வராது.

பழனி பால்கனியில் உட்கார்ந்திருந்தான். சட்டென்று அடையாளம் தெரியவில்லை. புருவத்திலும் காது மயிரிலும் மாவு இல்லாமல் அவனை நான் பார்த்ததே கிடையாது. ஆள் கறுப்பு. மெலிந்தும் தெரிந்தான்.

மருமகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். நல்ல பெண். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கீழே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கிருந்து பார்த்தால் பஸ் சின்னதாகத் தெரிகிறது, சத்தமே மேலே வருவதில்லை.

படத்தை எடுத்து நீட்டினேன்.

"பாரு. சோடா கடை. கேட் பக்கம்."

வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தான். "எவ்ளோ ஒல்லியா இருந்துருக்கே."

"கடையப் பாருடா."

"ம். கேட் பக்கந்தான்."

"நீதான் ஜெயிச்சே."

"சரி உடு."

நான் காத்திருந்தேன். துள்ளிக் குதிப்பான், ஊருக்கே சொல்வான், ஒரு மாதம் திட்டுவான் என்று வந்திருக்கிறேன். அவன் படத்தை உறையில் போட்டு, சுருக்கம் நீவி, திருப்பிக் கொடுத்துவிட்டான். எனக்குப் பயமாக இருந்தது.

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

கண்ணாடியைக் கழற்றி மடித்தான். பிறகு சொன்னான். அவன் பேச்சை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"என்னன்னு சொல்றது? ராகி அரைக்க ஆளு வர்றதில்ல. எல்லாம் பாக்கெட்டு. மோட்டாரு போட்டா, எதிர்ல புதுசா வந்த வீட்டுக்காரங்க சத்தம்ங்கறாங்க. பையன் வா வாங்கறான். ஒருத்தனா எத்தனை நாளைக்கு. சரின்னு சொல்லிட்டேன். அன்னைக்கு பதினோரு மணிக்குப் போய்க் கையெழுத்துப் போடணும். காலையில உங்கூட நடந்து வர்றேன். சைக்கிள் சொன்னேன். ஊதுபத்தி சொன்னேன். நீ மரக்கடை சொன்னே. மரக்கடைய அடுத்து மில்லு. நாளையிலிருந்து மூடின கடை. அடுத்தது என் மொறைடா."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"என் வாயால நான் எப்படிடா சொல்லுவேன்? அத நெனச்சுக்கிட்டே தாண்டி வந்து தியேட்டருன்னேன். நீ சோடா கடைக்கு நில்லுங்கறே."

உள்ளே டி.வி.யில் கார்ட்டூன். பேத்தி தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

"முறைய மாத்திக்கலாம். சைக்கிள்ள நான் ஆரம்பிக்கறேன். அப்ப மில்லு எனக்கு வரும். நான் சொல்லிக்கறேன்" என்றேன்.

"நீ சொல்லுவயா?"

"சொல்லுவேன்."

"முழுசாச் சொல்லணும். 'மாவு மில்'னு மொட்டையா சொல்லக் கூடாது. எங்கப்பன் பேரோட."

"சரிடா."

"மனசுக்குள்ள சொல்லக் கூடாது. நாலு பேருக்குக் கேக்கணும்."

சரி என்றேன். வந்து நடக்கிறாயா என்று கேட்டேன். ரெண்டு பஸ் மாறி வந்து நடக்கிற வயசா என்றான். இங்கே கீழேயே நடக்க டிராக் போட்டிருக்கிறார்களாம், சுற்றிச் சுற்றி வரலாமாம். "ஆனா சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. முந்தி இங்க என்ன இருந்துச்சோ யாருக்குத் தெரியும். புதர்க்காடா இருந்துருக்கும்."

லிஃப்டில் கீழே வந்து கேட் வரைக்கும் விட்டான். செக்யூரிட்டி அவனையும் எந்த ஃபிளாட் என்று கேட்டார். சொல்லத் தெரியாமல் ஒரு நிமிஷம் முழித்தான்.

பஸ் வந்தபோது, "ராகி எங்க அரைக்கறே இப்ப?" என்று கேட்டான்.

"பாக்கெட்டுதான்."

"அதுல என்னத்த அரைச்சுப் போட்டிருக்கானோ" என்றான். அதில் மட்டும் பழைய குரல் இருந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

நடக்கப் போகவில்லை. முழங்கால் வலி என்று எனக்கே ஒரு காரணம்.

சரோஜா போன். படத்தைக் காட்டினீர்களா, சமாதானம் ஆயிற்றா என்று கேட்டாள். ஆயிற்று என்றேன். சோடா கடை அவன் பக்கம்தான் என்றேன். "அப்பாடா, இனி அதுல சண்டை இல்லை" என்றாள். உகாதி என்பது முடிவாகிவிட்டது. டிக்கெட் மாற்றியாயிற்று.

துணி காய்ந்தது. இஸ்திரிக்குப் போட வேண்டும்.

நவம்பர் 17, திங்கள்

நல்ல வெயில், காற்றும் உண்டு. ஏழு மணிக்குக் கிளம்பினேன். சர்க்கிளிலிருந்து முறை மாற்றி, வாய்விட்டே சொல்லிக்கொண்டு வந்தேன். வாடகை சைக்கிள், நான். லட்சுமி டைப்ரைட்டிங், அவனுக்காக நான். பி.ஜி. வாசலில் ஊதுபத்திக் கிடங்கு என்று சத்தமாகவே சொன்னேன், கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மரக்கடையும் சொன்னேன்.

ஜேசிபி வந்திருந்தது. முன்சுவர் இல்லை. ஷட்டர் ரோட்டோரமாகச் சுருண்டு கிடந்தது. உள்ளே மில் கூடம், அதற்குப் பின்னால் சமையலறை, பச்சைப் பெயிண்ட் அடித்த சுவர், சாமி படம் மாட்டியிருந்த ஆணிகள், எல்லாம் ரோட்டிலிருந்தே தெரிந்தது. மஞ்சு டீ கொடுக்கக் கூப்பிட்டார். சும்மா வேடிக்கை பார்க்கிறவர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். பழனி கேட்ட மாதிரியே, நாலு பேர்.

வாயைத் திறந்தேன். அவன் அப்பா பெயர் நாக்கு வரைக்கும் வந்தது.

சொல்லாமல் தாண்டிவிட்டேன். ரயில்வே கேட் வரைக்கும் நடந்தேன். யாரும் நில்லு என்று சொல்லவில்லை.